வெயில் இறங்கும் கூரைகள்: ஏழைகளுக்கான வீடும் பசுமைக் கட்டுமானமும்

தமிழ்நாடு அரசு 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் போட வேண்டும். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாயை அரசு தவணைகளாகத் தருகிறது. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டி, குடிசை இல்லாத மாநிலமாக்குவது இலக்கு.

இந்தத் திட்டத்தைப் பற்றிய பேச்சு பயனாளிகள் பட்டியல், தவணை எப்போது வரும், கம்பி விலை எவ்வளவு ஏறியது என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அந்த 300 சதுர அடித் தளத்துக்குக் கீழே மே மாத இரவில் ஒரு குடும்பம் எப்படித் தூங்கும் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் மலிவு வீட்டையும் பசுமைக் கட்டுமானத்தையும் சேர்த்துப் பேச நினைத்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பசுமைக் கட்டடம் என்றதும் நமக்கு ஐ.டி. கம்பெனி வளாகமும், வாசலில் பதித்த தரச் சான்றிதழும், கூரை நிறைய சோலார் பலகைகளும் நினைவுக்கு வருகின்றன. கூலி வேலை செய்யும் குடும்பத்தின் வீட்டுக்கு அதன் பொருள் ரொம்ப எளிது. வெயில் உள்ளே இறங்கக் கூடாது. காற்று ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் வெளியேற வேண்டும். கரண்ட் பில் கையைக் கடிக்கக் கூடாது. கட்டும்போது சிமென்டும் செங்கல்லும் தேவைக்கு மேல் செலவாகக் கூடாது. வேலைக்குப் போய்வரப் பாதி நாள் கரையக் கூடாது. இவற்றில் பெரும்பாலானவை வரைபடத்திலும் எஸ்டிமேட்டிலும் தீர்மானமாகிவிடுகின்றன. அப்போது விட்டதைப் பிறகு ஒரு கருவியை வாங்கி மாட்டிச் சரிக்கட்டுவது கடினம். ஏழைக்கு அது இன்னும் கடினம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கான்கிரீட் தளத்தின் மீது மக்களுக்கு இருக்கும் ஆசையைப் பழிப்பது நியாயமில்லை. கீற்றுக் கூரை குளுமையானதுதான். ஆனால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கீற்று மாற்ற வேண்டும், மழையில் ஒழுகும், பாம்பும் பூச்சியும் வரும், ஒரு பொறி பட்டால் தெருவே எரியும். 2011 டிசம்பர் கடைசியில் கடலூரைத் தாக்கிய தானே புயலும், 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலும் குடிசைகளை என்ன செய்தன என்பதை அந்த மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். தளம் போட்ட வீடு என்றால் பாதுகாப்பு. ஊரில் ஒரு மரியாதையும் கூட. இதைக் கணக்கில் எடுக்காமல், மண் வீட்டுக்குத் திரும்புங்கள் என்று ஏழைகளிடம் சொல்கிற பசுமைப் பேச்சு எங்கும் எடுபட்டதில்லை. எடுபடவும் கூடாது. கான்கிரீட் இருக்கட்டும். அதை வெயிலில் வெறுமையாக விட்டுவிடுவதுதான் சிக்கல்.

நாம் இருக்கும் அட்சரேகையைப் பாருங்கள். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்திருந்தாலும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஆகவே வெயிலின் முழுப் பாரத்தையும் வாங்குவது கூரை. சுவருக்கு சன்ஷேட் வைக்கலாம், பக்கத்தில் முருங்கையோ வேம்போ நடலாம், அடுத்த வீட்டு நிழலும் விழும். ஒற்றை மாடி வீட்டின் தளத்துக்கு அந்த மாதிரி எந்தத் துணையும் கிடையாது. பகலெல்லாம் கான்கிரீட் குடித்த வெப்பம், சூரியன் மறைந்த பிறகுதான் மெதுவாக உள்ளே இறங்குகிறது. வெளியே காற்று குளிர்ந்துவிட்ட இரவு பத்து மணிக்கும் மின்விசிறி அனலையே சுற்றி அடிப்பது இதனால்தான்.

இதை அளக்க ஓர் எண் இருக்கிறது. உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால், கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடந்துபோகும் என்பது அது. 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புக் கட்டடங்களுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு, கூரைக்கு இந்த எண் 1.2-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. நம் ஊரில் போடும் வெறும் நாலரை, ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்துக்கு அது 3-க்கு மேல். அனுமதித்ததைப் போல இரண்டரை மடங்குக்கும் கூடுதலான வெப்பம் உள்ளே வருகிறது.

இது கரண்ட் பில்லில் எப்படித் தெரியும்? தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சாதாரண மின்விசிறி 75 வாட் எடுக்கும். கோடையில் நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 67 யூனிட்டைத் தாண்டும். இரண்டு விசிறி என்றால் 135. இலவச அளவு விசிறியிலேயே தீர்ந்துவிடுகிறது. 30 வாட் எடுக்கும் பிஎல்டிசி விசிறி இரண்டும் அதே நேரம் ஓடினால் 54 யூனிட்தான். ஆனால் அதன் விலை கூடுதல்; கையில் காசு இல்லாதவர் கடையில் மலிவான விசிறியைத்தான் வாங்குவார். தளம் அனலாகக் கொதிக்கும் வீட்டில் அடுத்த கட்டம் தவணையில் வாங்கும் ஏ.சி. ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தால்கூட, இரவில் எட்டு மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 480 யூனிட். அரசு இலவசமாகக் கொடுத்த வீடு, ஒவ்வொரு கோடையிலும் குடும்பத்திடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் மலிவு வீட்டோடு பசுமை என்ற சொல் பெரிய அளவில் சேர்ந்தது 2011-12-ல். ஜெயலலிதா ஆட்சியில் வந்த சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் அது. ஆண்டுக்கு 60,000 வீதம் ஐந்து ஆண்டில் 3 லட்சம் வீடுகள். ஒவ்வொன்றும் 300 சதுர அடி. தொடக்கத்தில் வீட்டுக்கு ஒதுக்கியது 1.80 லட்சம் ரூபாய், அதில் 30,000 ரூபாய் ஐந்து சிஎஃப்எல் விளக்குகள் எரியும் சோலார் அமைப்புக்கு. அந்தக் காலத்தை நினைவில் வைத்துப் பார்த்தால் அது நல்ல யோசனைதான். 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் தவித்த மாதங்கள் உண்டு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு விளக்கு எரிவது சாதாரண விஷயமில்லை.

ஆனால் திட்டத்தின் பசுமை முழுவதும் அந்த விளக்குகளோடு நின்றது. வீடு வழக்கமான கான்கிரீட் பெட்டியாகவே இருந்தது. பேட்டரிக்குச் சில ஆண்டுகள்தான் ஆயுள். மாற்றும் செலவு குடும்பத்தின் தலையில். அப்புறம் மின்வெட்டு குறைந்தது, எல்இடி பல்பு மலிவானது. இன்றைக்கு 9 வாட் எல்இடி ஐந்தை தினமும் ஐந்து மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட்கூட வராது. வெளிச்சத்துக்காகச் செய்த முதலீடு காலத்தால் தேவையற்றுப் போனது, தளத்தின் சூடு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த 30,000 ரூபாயில் ஒரு பகுதி கூரைக்குப் போயிருந்தால், பேட்டரியும் பராமரிப்பும் இல்லாமல் இன்றும் பலன் கொடுத்துக்கொண்டிருக்கும். கருவிக்கும் வடிவமைப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கருவி பழுதாகும், காலாவதியாகும். சரியான பக்கத்தில் வைத்த ஜன்னல் வீடு இருக்கும்வரை வேலை செய்யும்.

கூரைக்கு என்ன செய்யலாம் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நம் பழைய கொத்தனார்கள் தளத்தை வெறுமையாக விட்டதே இல்லை. செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, நாள்கணக்கில் அடித்து இறுக்கி, அதன் மேல் தட்டோடு எனும் தட்டையான சுட்ட ஓட்டைப் பதிப்பார்கள். தண்ணீர் இறங்காது என்பது ஒரு பலன். நடுவில் ஒரு வெப்பத் தடுப்பு அடுக்கு கிடைத்தது இன்னொரு பலன். நடுத்தர வர்க்க வீடுகளில் வெதரிங் கோர்ஸ் என்ற பெயரில் இதன் சுருங்கிய வடிவம் இன்னும் தொடர்கிறது. அரசின் சிறு வீடுகளில்தான் செலவைக் குறைக்க முதலில் வெட்டுப்படும் வேலையாகிவிட்டது.

இன்னும் மலிவான வழி, வெயிலைத் திருப்பி அனுப்புவது. வெள்ளைப் பூச்சு பூசிய கூரையோ, டைல்ஸ் கடையில் கழித்துப்போடும் உடைந்த வெள்ளை டைல்ஸ் பதித்த கூரையோ, விழும் ஒளியில் பெரும்பகுதியை உள்வாங்காமல் திருப்பிவிடும். சுண்ணாம்பு அடித்தால் இன்னும் மலிவு, ஆனால் ஒரு மழைக்காலத்தில் கரைந்துவிடும். பூச்சு என்றால் தூசி படிந்து மங்கும், சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். அதனால் சிறு வீட்டுக்கு, ஒருமுறை செலவோடு முடியும் உடைந்த டைல்ஸ் அல்லது தட்டோடுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெயின்ட் கம்பெனிகளின் விளம்பரத்தைப் பார்த்து மட்டும் இதைத் தீர்மானிக்கக் கூடாது.

2010 வெப்ப அலையில் பல உயிர்களை இழந்த ஆமதாபாத், 2013-ல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்து, பிறகு குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையையும் அதில் சேர்த்தது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கையையே கொண்டுவந்தது. அரசுக் கட்டடங்களோடு, குறைந்த வருமானத்தாருக்கு அரசு கட்டும் வீடுகளுக்கும் அது கட்டாயம். 2028-க்குள் மாநிலம் முழுவதும் 300 சதுர கிலோமீட்டர் கூரையை அப்படி மாற்றுவது அவர்கள் இலக்கு. சென்னை வெயிலுக்கும் ஹைதராபாத் வெயிலுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அவர்களால் முடிகிறது என்றால் இங்கேயும் முடியும்.

குளிரைத் தடுக்க வேண்டிய ஊரிலும் கணக்கு மாறுவதில்லை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபின் ஏழைகளுக்குக் கட்டிய வீடுகள் பலவற்றில் கூரைக்கடியில் சீலிங்கே இல்லை. கேப் டவுனின் கயலிச்சா பகுதியில் குயாசா என்ற குடியிருப்பில் 2,300-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வெப்பத்தடுப்பு வைத்த சீலிங்கும் சூரிய வெந்நீர்க் கலனும் பொருத்தினார்கள். வளரும் நாடுகளில் குறையும் கரியமில வாயுவைக் கணக்கிட்டுப் பணமாக்க வழிசெய்த, கியோட்டோ உடன்படிக்கையின் தூய வளர்ச்சி முறையின் கீழ் 2005-ல் அது பதிவானது. வீடு கட்டி முடித்த பிறகு போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது என்பதுதான் அதில் வருத்தம்.

சரி, சுவருக்கும் சிமென்டுக்கும் வருவோம். 300 சதுர அடித் தளத்துக்கு ஏறக்குறைய மூன்று கன மீட்டருக்குச் சற்று மேல் கான்கிரீட் வேண்டும். வழக்கமான கலவையில் சுமார் 25 மூட்டை சிமென்ட். 8 லட்சம் வீட்டுக்கு 2 கோடி மூட்டை, அதாவது 10 லட்சம் டன். இது கூரைக்கு மட்டும். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7, 8 சதவீதம் சிமென்டிலிருந்து வருகிறது என்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

இதைக் குறைக்கும் வித்தையைப் பக்கத்து மாநிலத்தில் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் செய்து காட்டினார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து 1945-ல் இந்தியா வந்து, கடைசியில் இந்தியக் குடிமகனாகவே ஆகி, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்த லாரி பேக்கர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாக்கில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டை அவர் கேரளத்தில் பரப்பினார். ஒன்பது அங்குலச் சுவருக்குக் கால்வாசிச் செங்கல் மிச்சம். உள்ளே இருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. தளத்தின் கீழ்ப்பாதியில் கான்கிரீட் பெரிதாகப் பாரம் தாங்குவதில்லை, இழுவிசையை அங்கே கம்பிதான் தாங்குகிறது. ஆகவே அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டை மிச்சப்படுத்தினார். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் செலவையும் சூட்டையும் சிமென்டையும் குறைப்பவை. மலிவும் பசுமையும் எதிரெதிர் என்ற எண்ணத்துக்கு இவற்றைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து இல்லை. 1985-ல் உருவான காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு அந்த வழியில் இன்னும் வீடு கட்டுகிறது. புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் உள்ள மண் கட்டுமான நிறுவனம், மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் சேர்த்து இயந்திரத்தில் அழுத்திய, சூளையே தேவைப்படாத கற்களைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது.

அப்படியானால் ஏன் இவை லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகவில்லை? அதிகாரிகளின் அக்கறையின்மை என்று ஒரு வரியில் முடிப்பது சுலபம். உண்மையில் தடைகள் நடைமுறை சார்ந்தவை. அரசு எஸ்டிமேட் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலை வைத்துப் போடப்படுகிறது. அந்தப் பட்டியலில் இடம்பெறாத வேலைக்குப் பணம் ஒதுக்க எந்தப் பொறியாளரும் தயங்குவார், நாளை தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எலிப்பொறிக் கட்டுக்குக் கை பழகிய கொத்தனார் வேண்டும்; பழகாதவர் கட்டினால் கலவை உள்ளே விழுந்து வெற்றிடம் அடைபடும். பழைய ஓடு நூறு வீட்டுக்குக் கிடைக்கும், லட்சம் வீட்டுக்குக் கிடைக்காது. மண் கல் என்றால் மறுபடி மண் வீடா என்று வீட்டுக்காரரே முகம் சுளிப்பார். இந்தத் தடைகள் ஒவ்வொன்றும் தீர்க்கக்கூடியவைதான். ஆனால் தீர்க்க ஆள் வைத்து, பயிற்சி கொடுத்து, பட்டியலில் சேர்க்க வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் கற்கள் இதற்குச் சான்று. நிலையத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவுக்குள் நடக்கும் கட்டுமானங்கள் சாம்பல் சேர்ந்த பொருள்களைப் பயன்படுத்த வேண்டும் என்று 1999-ல் மத்திய அரசு அறிவிக்கை கொண்டுவந்து, அந்தத் தொலைவை 300 கிலோமீட்டர் வரை படிப்படியாக விரித்த பிறகு, இன்று சாம்பல் கல் சந்தையில் சாதாரணப் பொருள். யாரும் அதைப் பசுமை என்று சொல்லி வாங்குவதில்லை, விலைக்காக வாங்குகிறார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிரச்சினையின் முகம் வேறு. கடைசி மாடிக்காரருக்கு மட்டும் கூரைச் சூடு. மற்றவர்களுக்குச் சுவரும் ஜன்னலும்.

வேகமாகக் கட்ட வேண்டும் என்பதற்காக, அலுமினிய ஷட்டரிங் வைத்துச் சுவரையும் தளத்தையும் ஒன்றாகக் கான்கிரீட்டில் வார்க்கும் முறை பெருகிவருகிறது. விரிசல் குறைவு, பூச்சு வேலை மிச்சம், ஒரு மாடி சில நாளில் முடியும். ஆனால் ஆறு அங்குலக் கான்கிரீட் சுவர் கடத்தும் வெப்பம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காற்றுத் துளைகள் நிறைந்த இலகுவான ஏஏசி கல்லில் கட்டிய எட்டு அங்குலச் சுவரோடு ஒப்பிட்டால் நான்கு மடங்குக்கும் மேல். வேகத்துக்குப் பரிசு கொடுக்கும் டெண்டரில் இந்த வித்தியாசம் எங்கும் பதிவாவதில்லை. சென்னையை ஒட்டிய பெரும்பாக்கத்தில், புதிய கட்டுமான முறைகளைச் செய்து காட்டும் மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தின் கீழ் 116 கோடி ரூபாயில் 1,152 வீடுகள் முன்வார்ப்புக் கான்கிரீட் முறையில் கட்டி 2022 மே மாதம் திறந்தார்கள். வீட்டுக்குப் பத்து லட்சம் ரூபாய். வேகத்தையும் தரத்தையும் காட்டும் மாதிரி என்ற வகையில் அது முக்கியமான முயற்சி. அந்த மாதிரிகளை அளக்கும்போது எத்தனை மாதத்தில் முடிந்தது என்பதோடு, மே மாதம் மதியம் மூன்று மணிக்கு அறைக்குள் எத்தனை டிகிரி என்பதும் பலகையில் எழுதப்பட வேண்டும்.

குஜராத்தின் ராஜ்கோட்டில் அப்படி யோசித்துச் செய்த ஒரு குடியிருப்பு இருக்கிறது. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் கீழ், குடிசைப் பகுதியில் இருந்தவர்களுக்காகக் கட்டிய ஸ்மார்ட் கர்-3. பதினொரு கட்டடங்களில் 1,176 வீடுகள். இந்திய, சுவிட்சர்லாந்து அரசுகளின் கூட்டு எரிசக்தித் திட்டத்தின் வல்லுநர்கள் வரைபட நிலையிலேயே மாநகராட்சிப் பொறியாளர்களோடு உட்கார்ந்தார்கள். சுவரின் வெப்பத் தடுப்பைக் கூட்டினார்கள், கூரைக்கு வெப்பத்தடுப்பு அடுக்கு கொடுத்தார்கள். பாதிதான் திறக்கும் சறுக்குக் கண்ணாடி ஜன்னலுக்குப் பதில், முழுதும் திறக்கும் கதவு ஜன்னல் வைத்தார்கள். குழாய்களுக்காக எப்படியும் விடும் நடுக்குழியை, மேலே விசிறி பொருத்திக் காற்றை இழுக்கும் வழியாக மாற்றினார்கள். கோடை உச்சத்தில் அறைச் சூடு 5 டிகிரிக்கு மேல் குறையும் என்பது அவர்கள் கணக்கு. ஏ.சி. இல்லை, விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை.

ராஜ்கோட்டை அப்படியே நகலெடுத்துச் சென்னைக்குக் கொண்டுவர முடியாது. அங்கே வறண்ட வெயில். கடற்கரை ஊரில் புழுக்கம். இரவுக்கும் பகலுக்கும் வெப்ப வித்தியாசம் குறைவான இடத்தில் சுவரைத் தடிமனாக்குவதைவிட மேலில் காற்று படுவதுதான் ஆறுதல். ஈகோ நிவாஸ் சம்ஹிதாவும் இதை ஒத்துக்கொள்கிறது. வறண்ட வெப்பப் பகுதிக்குத் தரைப் பரப்பில் 10 சதவீதம் திறப்பு போதும் என்று சொல்லிவிட்டு, ஈரப்பதம் மிக்க வெப்பப் பகுதிக்கு 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு கேட்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி திறப்பு. நாம் வழக்கமாக வைக்கும் மூன்றுக்கு நான்கடி ஜன்னல் 12 சதுர அடி. அதையும் சறுக்கு ஜன்னலாக வைத்தால் திறப்பது 6. நடுவில் நடைபாதையும் இரண்டு பக்கமும் வீடுகளுமாக அடுக்கிய கட்டடத்தில், அந்த ஒற்றை ஜன்னல் வழியே வரும் காற்றுக்கு வெளியேற வழியும் கிடையாது.

இது வெறும் சௌகரியப் பிரச்சினை இல்லை. மும்பையின் கோவண்டி, மான்கூர்த் பகுதிகளில் மறுகுடியமர்த்தப்பட்ட மக்கள் வாழும் மூன்று குடியிருப்புகளை ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வந்தது. கட்டடங்களுக்கிடையே மூன்று மீட்டர் அளவே இடைவெளி விட்டு, வெளிச்சமும் காற்றும் எட்டாமல் நெருக்கிக் கட்டிய நட்வர் பாரேக் காம்பவுண்டிலும் லல்லுபாய் காம்பவுண்டிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் காசநோய் இருந்தது. இடைவெளி விட்டுக் கட்டிய பிஎம்ஜிபி காலனியில் நூற்றில் ஒருவருக்கு. மூன்றிலும் வாழ்வது ஏழை மக்கள்தான். ஒரு மனையில் கூடுதலாகச் சில வீடுகளை அடைக்க எடுத்த முடிவை, குடியிருப்பவர்கள் நுரையீரலால் சுமக்கிறார்கள். இதைப் படித்த பிறகு ஜன்னல் அளவைச் சில்லறை விஷயம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அடுத்தது இடம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைச் சென்னையின் நடுப்பகுதியிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியுள்ள பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். 20,000-க்கும் அதிகமான வீடுகள், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. மழைக்காலத்தில் தண்ணீர் சூழும். மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் வீட்டுவேலை செய்துகொண்டிருந்த பெண்கள் பலர், காலையில் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர முடியாமல் வேலையை விட்டார்கள். லிப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஆகும் கரண்ட் இன்னொரு சுமை. இப்படி ஒரு இடத்தில் மிகச் சிறந்த பசுமைச் சான்றிதழ் வாங்கிய கட்டடத்தை நிறுத்தினாலும், அதில் வாழ்பவரின் பயணச் செலவும் புகையும் அந்தக் கணக்கில் வராது.

மெக்சிகோ இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் கற்றது. அங்கே தொழிலாளர்களுக்கு வீட்டுக் கடன் கொடுக்கும் இன்ஃபோனாவிட் நிறுவனம், சூரிய வெந்நீர்க் கலன், தண்ணீர் மிச்சப்படுத்தும் குழாய்கள் போன்றவற்றுக்காகக் கடனோடு கூடுதல் தொகை கொடுக்கும் பசுமைக் கடனைத் தொடங்கி, 2011 முதல் எல்லாக் கடனுக்கும் கட்டாயமாக்கியது. மின்சாரத்திலும் எரிவாயுவிலும் மிச்சமாகும் பணத்திலிருந்தே தவணையைக் கட்டலாம் என்ற அந்த ஏற்பாடு புத்திசாலித்தனமானது. நாமும் எடுத்துக்கொள்ளத் தக்கது. ஆனால் அதே காலத்தில் நகரத்துக்கு வெகு தொலைவில், மலிவான நிலத்தில் வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகளை மக்கள் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 50 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் இருந்தன. எல்லாமே தொலைவினால் காலியானவை என்று சொல்ல முடியாது. ஆனாலும் வேலையும் பள்ளியும் பஸ்ஸும் இல்லாத இடத்து வீட்டை வெந்நீர்க் கலனால் காப்பாற்ற முடியவில்லை.

இந்த வகையில் தமிழ்நாட்டில் இப்போது நடக்கும் ஒரு வேலை நம்பிக்கை தருகிறது. 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு, சிதிலமான பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் மறுபடி கட்டிவருகிறது. நகரத்துக்குள்ளேயே இருக்கும் இடங்கள் அவை. தொலைவு என்ற மிகக் கடினமான பிரச்சினை அங்கே ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது கட்டடங்களுக்கிடையே இடைவெளி, திறப்பு, மேற்குச் சுவர், கூரை. மேற்குப் பக்கம் படுக்கும் அறையை வைக்காமல் படிக்கட்டையும் கழிப்பறையையும் வைப்பதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை.

செலவாகும் இடங்களில் தடை வேறு மாதிரி. கட்டுபவர் ஒருவர், கரண்ட் பில் கட்டுபவர் இன்னொருவர். டெண்டரில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை போகிறது. அடுத்த முப்பது ஆண்டுக்கு அந்த வீட்டில் வாழ ஆகும் செலவு யாருடைய கணக்கிலும் இல்லை. கிரிஹா, ஐஜிபிசி போன்ற தரச் சான்று அமைப்புகள் மலிவு வீடுகளுக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. உலக வங்கிக் குழுமத்தின் எட்ஜ் சான்று எரிசக்தி, தண்ணீர், கட்டுமானப் பொருள்களைத் தயாரிப்பதில் வெளியாகும் கரியமில வாயு மூன்றிலும் 20 சதவீதம் குறைப்பு கேட்கிறது. இவை தனியார் பில்டர்களுக்குப் பயன்படலாம். சொந்த மனையில் கொத்தனாரை வைத்துக் கட்டிக்கொள்ளும் கிராமத்துக் குடும்பத்தை எந்தச் சான்றும் எட்டாது. ஈகோ நிவாஸ் சம்ஹிதாவும் 2018-ல் வந்தபோது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் எழும் கட்டடங்களுக்குத்தான் வந்தது. அதையும் மாநிலங்கள் தாங்களாக ஏற்று விதியாக்க வேண்டும். வெயிலில் மிக அதிகமாக வாடும் 360 சதுர அடி வீடு எல்லா விதிகளுக்கும் வெளியே நிற்கிறது.

இந்த வீடுகளைத் தொடும் ஒரே கருவி எஸ்டிமேட்டும் பில்லும். பேஸ்மட்டம் முடிந்தால் ஒரு பில், கதவு, ஜன்னலுக்கு மேலான லிண்டல் மட்டத்துக்கு ஒன்று, தளம் போட்டதும் ஒன்று, வேலை முடிந்ததும் கடைசி பில் என்று பணம் வருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அலுவலர் வந்து பார்த்துப் போட்டோ எடுக்கிறார். லிண்டல் கட்டத்தில் எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருக்கிறதா என்று பார்க்க முடியும். கடைசி பில்லுக்குத் தளத்தின் மேல் தட்டோடோ வெள்ளை டைல்ஸோ இருக்க வேண்டும் என்று சேர்க்க முடியும், அதற்கான பணத்தை ஒதுக்கினால். மாதிரி வரைபடம் ஒன்றே ஒன்று கொடுப்பதற்குப் பதில், வாசல் எந்தத் திசையில் வந்தாலும் மேற்குச் சுவர் காக்கப்படும்படி நான்கு வரைபடம் கொடுக்கலாம். 2003-ல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மாநிலம் இது. காலக்கெடு வைத்ததும் தெருத்தெருவாகக் குழி தோண்டினார்கள், சென்னையில் நிலத்தடி நீர் ஏறியதைப் பலர் கண்ணால் பார்த்தார்கள். கூரைக்கு அந்த அளவு கெடுபிடிகூட வேண்டாம். விலைவாசிக்கு ஏற்ப எஸ்டிமேட்டை எப்படியும் திருத்தத்தான் போகிறார்கள். அடுத்த முறை திருத்தும்போது, தளம் என்ற வரிக்குக் கீழே 28 சதுர மீட்டர் வெப்பத்தடுப்பு என்று இன்னொரு வரி சேர்ந்தால், அதற்குப் பின் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் அது போய்ச் சேரும்.